ரக்ஷிதாவ் என்றால் யார்? கல்லூரிக்கு ஓர் அக்காவின் திறந்த மடல்

கல்லூரி முதல்வருக்கும், கேரியர் கைடன்ஸ் பிரிவின் பொறுப்பாசிரியருக்கும், பிடிஏ (பெற்றோர்-ஆசிரியர் சங்க) நிர்வாகக் குழுவுக்கும்,

போன மாதம் நடந்த கேரியர் கூட்டத்தில் என்னை ஹாலைவிட்டு வெளியே போகச் சொன்னீர்கள். அதோடு விட்டிருந்தால் இந்த மடல் வந்திருக்காது. அரை நாள் லீவு போனது போகட்டும் என்று கோயம்புத்தூர் பஸ் ஏறியிருப்பேன். ஆனால் அடுத்த வாரமே சர்க்குலர் போட்டுவிட்டீர்கள். இனிமேல் இந்த மாதிரிக் கூட்டங்களுக்கு அப்பா அல்லது அம்மா மட்டும்தான் வர வேண்டுமாம், அண்ணன் அக்கா வேறு உறவினர் யாருக்கும் அனுமதி இல்லையாம். உங்களிடம் படிக்கிற என் தங்கச்சி அதை வாட்ஸாப்பில் அனுப்பிவிட்டு ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. அவள் எழுதாததால் நான் எழுதுகிறேன்.

கல்லூரியின் பெயரை இங்கே போடவில்லை. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் என்று கேரளத்தின் பாலக்காட்டுப் பக்கம் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கிடக்கிற ஊர்களில் இருந்து பிள்ளைகள் வருகிற கல்லூரி என்று சொன்னால் போதும், உங்களுக்குப் புரியும். பெயரை இழுத்தால் உள்ளே படிக்கிறவளுக்குத்தான் சங்கடம்.

அன்றைக்கு நான் அம்மாவோடு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வருகைப் பதிவேட்டோடு வந்த மேடம் என்னைப் பார்த்து ‘இது ஆரா?’ என்று மலையாளத்தில் கேட்டார், இது யார் என்று. அக்கா என்றேன். ‘ரக்ஷிதாவ் மாத்ரம் மதி’ என்றார், ரக்ஷிதாவ் மட்டும் போதும் என்று. குரலில் கோபமெல்லாம் இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் எழுந்து போகிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றார். அம்மா என் கையைப் பிடித்தார், அப்புறம் விட்டுவிட்டார். வெளியே வந்து பார்த்தால் வராந்தாவில் என்னைப் போல ஏழெட்டுப் பேர். ஒருவர் டெலிவரி கம்பெனிச் சட்டையோடு, பைக்கைக்கூட ஸ்டாண்டில் போடாமல் சாய்த்துவிட்டு வந்திருந்தார், தம்பிக்காக. இன்னொரு அக்கா இடுப்பில் குழந்தையோடு பொள்ளாச்சியில் இருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். யாரும் யாரிடமும் அதிகம் பேசவில்லை. ஜன்னல் வழியாக புரொஜெக்டர் திரை தெரிந்தது, நின்றுகொண்டே பார்த்தோம்.

மலையாளம் எனக்கும் தெரியும் சார், பத்தாவது வரை தமிழ் மீடியமாக இருந்தாலும் இந்த மண்ணில்தானே வளர்ந்தேன். ரக்ஷிதாவ் என்பதற்கு அம்மா என்றோ அப்பா என்றோ பொருள் இல்லை. ரட்சிக்கிறவர், அதாவது பார்த்துக்கொள்கிறவர். எங்கள் வீட்டில் படிப்பு விஷயத்தில் அது யார் என்று தங்கச்சியிடம் நீங்கள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

அப்பா கள்ளு இறக்குகிறவர். பாளையை எந்த நேரத்தில் சீவினால் எவ்வளவு ஊறும் என்று கேட்டால் மணிக்கணக்கில் சொல்வார். கிரெடிட், செமஸ்டர் என்றால் சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவார். அம்மாவுக்குத் தொழிலுறப்பு, அதாவது அரசின் ஊரக வேலைத் திட்டத்தில் கூலி வேலை. இரண்டு பேரும் பத்தாவது தாண்டாதவர்கள். பிளஸ் ஒன்னுக்கு ஏகஜாலகம் (ஒற்றைச் சாளரச் சேர்க்கை) விண்ணப்பம் போட அக்ஷயா என்கிற அரசு இ-சேவை மையத்தில் வரிசையில் நின்றது நான்தான். டிகிரிக்கு அலாட்மென்ட் வந்தபோது எந்தக் கல்லூரியை முதல் ஆப்ஷனாக வைப்பது என்று ராத்திரி பதினொரு மணிக்கு ஓட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டதும் நான்தான். இ-கிராண்ட்ஸ் என்கிற அரசு உதவித்தொகைப் பணம் வராதபோது அலுவலகத்துக்கு நடந்ததும், அது வரும்வரை ஃபீஸ் கட்டியதும் இதே ஆள்தான். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. எல்லைப் பக்கத்தில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகிற பிள்ளை இருக்கிற எந்த வீட்டுக்குப் போய்க் கேட்டாலும் இப்படி ஒரு அண்ணனோ அக்காவோ இருப்பார்கள். அன்றைக்கு அந்த வராந்தாவில் நின்றவர்கள் இவர்கள்தான்.

சரி, உள்ளே என்ன நடந்தது? என் தங்கச்சி 2024 ஜூலையில் நாலு வருட டிகிரி கேரளம் முழுக்க வந்தபோது சேர்ந்த முதல் பேட்ச், பாடம் வேதியியல். மூன்று வருடத்தில் 133 கிரெடிட் (பாடங்களுக்குத் தரும் அலகு) முடித்துவிட்டு வெளியே வந்துவிடலாம், நாலாவது வருடமும் இருந்து 177 முடித்தால் ஹானர்ஸ் டிகிரி. நாலு வருடம் முடித்தவர்களுக்கு பி.ஜி.யை ஒரே வருடத்தில் முடிக்க வழி இருக்கிறது, 75 சதவீதம் இருந்தால் நேரே பிஎச்.டி.க்கே விண்ணப்பிக்கலாம். அதே சமயம் பி.எட். போக நினைக்கிறவளுக்கு மூன்று வருட டிகிரி போதும், அதற்கு மேல் இரண்டு வருட பி.எட். ஆக, எந்தப் பக்கம் திரும்புவது என்பதை அவள் என்ன ஆகப் போகிறாள் என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும். எங்களைப் போன்ற வீட்டுக்கு ஒரு வருடம் என்பது ஒரு வருடச் சம்பளமும் ஒரு வருடச் செலவும் சேர்ந்தது.

மூன்றா நாலா என்கிற இந்த விஷயத்தில்தான் அம்மாவிடம் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறீர்கள். ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் அச்சடித்த படிவம். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். பஸ் ஸ்டாப்பில் வைத்து என்னம்மா சொன்னார்கள் என்று கேட்டேன். முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ‘என்னமோ மூணுன்னாங்க, நாலுன்னாங்க சாமி. நாலுதான் நல்லதுன்னு டீச்சர் சொன்னாங்க, பக்கத்துல எல்லாரும் போட்டாங்க, நானும் போட்டுட்டேன்’ என்றார். அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்து அவர் செய்துவிட்டுப் போனது இவ்வளவுதான். தப்பு அம்மா மேல் இல்லை.

இப்போது என் பக்கத்துத் தப்பையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அக்கா எல்லாம் தெரிந்தவள் என்று நான் பேசுவதாக நினைப்பீர்கள்.

எனக்கும் தங்கச்சிக்கும் நடுவில் ஒரு தம்பி. சின்ன வயதிலேயே கிணற்று மோட்டார் நின்றுபோனால் மெக்கானிக் வருவதற்குள் பாதியைக் கழற்றி வைத்திருப்பான். பிளஸ் டூ முடித்ததும் ஐடிஐ போகிறேன் என்றான். நான் விடவில்லை. நான் பி.காம்., அதனால் அவனும் பி.காம். காரணம் கேட்டால், எனக்குத் தெரிந்த பாதை அது ஒன்றுதான். என் நோட்டுப் புத்தகங்கள் பரணில் இருந்தன, எந்தப் பேப்பரில் சப்ளி (அரியர்) விழும், எந்த கைடு வாங்க வேண்டும் என்று எல்லாம் எனக்கு அத்துப்படி. மூன்று செமஸ்டர் போனான். நாலாவதில் ஒருநாள் பையை வாசலிலேயே வைத்துவிட்டு, ‘அக்கா, உன் நோட்ட நீயே வெச்சுக்க’ என்றான்.

இப்போது ஒரு மோட்டார் ஒர்க்ஷாப்பில் ‘காயில்’, அதாவது மோட்டாருக்குக் கம்பிச் சுருள், கட்டுகிறான். ஒரு தடவை சாப்பாடு கொண்டுபோனபோது பார்த்தேன். தரையில் கால் நீட்டி உட்கார்ந்து செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தான், உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது, வார்னிஷ் வாசனை மூக்கில் ஏறியது. கூப்பிட்டேன், நிமிரவில்லை. அந்தக் காயில் முடிந்த பிறகுதான் பேசினான், எண்ணிக்கை தப்பினால் மோட்டார் சூடாகி எரிந்துவிடுமாம். பி.காம். புத்தகத்தை அவன் ஒருநாள்கூட இப்படி உட்கார்ந்து படித்து நான் பார்த்ததில்லை. அவனுடைய ஒன்றரை வருடத்தைத் தின்றது நான். அவன் சண்டை போடவில்லை, ‘ஆபீசர் வந்தாச்சு’ என்று கிண்டல் செய்வதோடு சரி. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை.

இது என் வீட்டு விஷயம் மட்டும்தானா என்று தேடிப் பார்த்தேன். 2021-ல் வெளியான ஒரு ஆய்வு அமெரிக்கா, சிலி, சுவீடன், குரோவாஷியா ஆகிய நான்கு நாட்டுச் சேர்க்கை விவரங்களை எடுத்துக்கொண்டு, கட்ஆஃபுக்கு ஒரு நூலிழை மேலே இருந்து ஒரு கல்லூரியில் இடம் கிடைத்த மூத்தவர்களையும், ஒரு நூலிழை கீழே இருந்து கிடைக்காமல் போனவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறது. இரண்டு தரப்புக் குடும்பங்களும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். ஆனாலும் மூத்தவருக்கு இடம் கிடைத்த வீட்டில் இளையவரும் அதே கல்லூரிக்கு விண்ணப்பிப்பது, போய்ச் சேர்வது கூடியிருக்கிறது. அமெரிக்கா தவிர்த்த மூன்று நாடுகளில் பாடப்பிரிவுகூட அப்படித்தான். பின்னால் வருகிறவருக்கு அது பொருத்தமா என்பதெல்லாம் வேறு கேள்வி. படித்ததும் எனக்குத் தம்பியின் பை ஞாபகம்தான் வந்தது. அக்கா நடந்த வழியில் தம்பி நடப்பது சிலியிலும் இருக்கிறது, எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவிலும் இருக்கிறது. அக்காவை ஹாலுக்கு வெளியே நிறுத்திவிட்டால் அது நின்றுவிடாது.

இன்னொன்று. அன்றைக்குப் பேச வந்தவர் ஒரு ஸ்லைடு போட்டார். மூத்த பிள்ளை பொறுப்பானது, நடுப்பிள்ளை ஒட்டாதது, கடைசிப் பிள்ளை செல்லம், அதனால் கடைசிப் பிள்ளைகளுக்கு ரிஸ்க் உள்ள வேலை ஒத்துவரும் என்று. ஜன்னலுக்கு வெளியே நின்ற நாங்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். அதே சிரிப்போடு இதையும் கேளுங்கள். 2015-ல் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனியில் 20,000 பேருக்கு மேல் வைத்துப் பார்த்த ஆய்வில், பிறந்த வரிசைக்கும் வெளியில் பழகும் விதம், பொறுப்பு போன்ற குணங்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படி தொடர்பே இல்லை என்று வந்திருக்கிறது. ஜாதகக் கட்டம் மாதிரி ஒரு ஸ்லைடைப் போட்டு, அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போன பிள்ளையிடம் நீ கடைசி, நீ பிசினஸ் பண்ணு என்று யாராவது சொன்னால் என்ன செய்வது? வீட்டில் மூத்தவள் பொறுப்பாக இருக்கிறாள் என்றால் சம்பளம் முதலில் அவளுக்கு வந்தது என்பதுதான் காரணம், மூத்தவளாகப் பிறந்தது இல்லை.

அவர் சொன்ன இன்னொரு விஷயத்துக்குத்தான் எனக்கு வயிறு எரிந்தது. ‘உங்களுக்குத் தமிழ் தெரியும், கோயம்புத்தூர் பக்கத்தில்தான், டிஎன்பிஎஸ்சியும் எழுதலாமே’ என்றார். எழுதலாம், நானே குரூப் 4 எழுதியிருக்கிறேன். விண்ணப்பம் நிரப்பும்போதுதான் தெரிந்தது, வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் என் சாதிச் சான்றிதழ் வெறும் காகிதம் என்று. வேறு மாநிலத்துக்காரர்களுக்கு அங்கே இடஒதுக்கீடு இல்லை, பொதுப்பிரிவில்தான் போட்டி போட வேண்டும். இந்தப் பக்கம் பள்ளிக்கூடத்தில் எங்களைப் பாண்டி என்றார்கள், அந்தப் பக்கம் வேலைக்குப் போனால் கேரளாக்காரி என்கிறார்கள், அதுகூடப் பழகிவிட்டது. ஒரு வருடம் படித்துவிட்டுப் பிறகு இந்த விவரம் தெரிவது பழகாது. அதே நேரத்தில், கேரள பிஎஸ்சி பாலக்காட்டிலும் இடுக்கியிலும் தமிழ் மீடியம் ஆசிரியர் பணிக்குத் தனியாக நோட்டிபிகேஷன் விடுகிறது, அதற்கு கே-டெட் (கேரள ஆசிரியர் தகுதித் தேர்வு) தேவை, ஹைஸ்கூல் என்றால் பி.எட்.டும் வேண்டும். தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளைகள் உட்கார்ந்திருந்த அந்த ஹாலில் இதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. நான் உள்ளே இருந்திருந்தால் எழுந்து கேட்டிருப்பேன். வெளியே நின்ற டெலிவரி அண்ணனுக்கு இதில் பாதி தெரிந்திருந்தது, மீதி எனக்குத் தெரிந்தது. நாங்கள் இருவரும் பைக் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டதே ஒரு கைடன்ஸ் கூட்டம் மாதிரிதான் இருந்தது.

தங்கச்சி என்ன நினைக்கிறாள் என்று கேட்பீர்கள். வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்கே அது இந்தச் சர்க்குலர் வந்த பிறகுதான் தெரியும். கோயம்புத்தூரில் ஏதாவது ஒரு கம்பெனி லேபில் வேலை என்று நான்பாட்டுக்கு ஒரு வருடமாகப் பேசிக்கொண்டிருந்தேன். அவள் தலையாட்டிக்கொண்டிருந்தாள். தம்பியிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள், தமிழ் மீடியம் பள்ளியில் டீச்சராகப் போக வேண்டும், மூன்று வருடத்தோடு முடித்துவிட்டு பி.எட். சேர வேண்டும் என்று. ஏண்டி என்னிடம் சொல்லவில்லை என்றால், ‘நீதானக்கா ஃபீஸ் கட்டற’ என்கிறாள்.

இந்த ஒரு வரி என்னை இரண்டு நாள் தூங்க விடவில்லை. அப்பாவிடம் மாட்டேன் என்று சொல்லிவிடலாம், திட்டுவார், அப்புறம் சாப்பிட்டாயா என்பார். தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு ஃபீஸ் கட்டுகிற அக்காவிடம் மாட்டேன் என்று சொல்ல ஒரு இருபது வயதுப் பெண்ணுக்கு எங்கே இருந்து தைரியம் வரும்? இதை நான் அவளிடம் கேட்டு வாங்க முடியாது. கேட்கிறவள் நான் என்பதாலேயே பதில் மாறிவிடுகிறது. நீங்கள் கேட்டால் சொல்வாள். அதற்குத்தானே கேரியர் கைடன்ஸ் என்று ஒரு பிரிவும் ஒரு மேசையும் ஒரு போர்டும் வைத்திருக்கிறீர்கள்? எங்களை உள்ளே விட வேண்டும் என்று நான் கேட்பதில் எங்களைக் கொஞ்சம் தட்டி வைக்க வேண்டும் என்பதும் சேர்ந்தே இருக்கிறது. ‘இது உங்கள் தங்கச்சியின் விருப்பம், நீங்கள் உங்கள் பாதையை அவள் மேல் போடுகிறீர்கள்’ என்று ஒரு ஆசிரியர் என் முகத்துக்கு நேரே ஒரு தடவை சொல்லியிருந்தால் என் தம்பி அந்த மூன்று செமஸ்டர் போயிருக்க மாட்டான். வீட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள், சம்பளம் கொண்டுவருகிறவளிடம் யார் சொல்வார்கள்?

நீங்கள் சொல்லப் போகிற காரணங்களும் எனக்குத் தெரியாமல் இல்லை. யார் யாரோ அண்ணன் என்று சொல்லிக்கொண்டு வருகிறார்கள், பெண் பிள்ளைகள் படிக்கிற இடம், ஒருமுறை தகராறு வந்தது என்று பிடிஏவில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். நியாயம்தான். அதற்கு அடையாள அட்டை கேளுங்கள், மாணவியிடமே முன்கூட்டி எழுதி வாங்குங்கள். சில வீட்டில் அண்ணன் என்பவன் தங்கையைப் படிக்கவிடாமல் செய்கிறவனாகவும் இருப்பான், அதுவும் தெரியும். அதனால்தான் யார் வரலாம் என்று மாணவர் சொல்ல வேண்டும் என்கிறேன், நாங்கள் சொல்லக் கூடாது, நீங்களும் சொல்லக் கூடாது.

நான் கேட்பது இவைதான். அந்தச் சர்க்குலரைத் திரும்பப் பெறுங்கள். கூட்டத்துக்கு வரக்கூடிய ஒருவர் பெயரை மாணவரே எழுதிக் கொடுக்கட்டும், அது அம்மாவாக இருந்தாலும் சரி, அக்காவாக இருந்தாலும் சரி, மாமாவாக இருந்தாலும் சரி. அதற்கு முன்னால் ஒவ்வொரு மாணவரையும் தனியாக உட்கார வைத்து ஒரு பத்து நிமிடம் பேசுங்கள், அந்த அறைக்குள் என்னையும் விட வேண்டாம். மூன்றா நாலா என்று வாங்கிய படிவங்களை இறுதியாக எடுத்துக்கொள்ளாமல், மாற்றிக்கொள்ள எல்லோருக்கும் ஒரு மாதம் அவகாசம் கொடுங்கள். படிவத்தைத் தமிழிலும் அச்சடியுங்கள். இது சலுகை இல்லை, தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடும் தங்கள் பகுதி அலுவலகங்களோடும் தமிழில் எழுதிக்கொள்ளலாம் என்று 1969-லேயே கேரள ஆட்சிமொழிச் சட்டம் சொல்லிவிட்டது, கல்லூரிப் படிவம் மட்டும் ஏன் அம்மாவுக்குப் புரியாத எழுத்தில் வர வேண்டும்? அப்புறம், கேரள பிஎஸ்சியின் தமிழ் மீடியம் பணிகள், எல்லைக்கு அந்தப் பக்கம் நம் சான்றிதழ்களுக்கு உள்ள மதிப்பு, இந்த இரண்டையும் தெரிந்த ஒருவரை அழைத்து ஒரு கூட்டம் வையுங்கள். வெளியூரில் இருந்து ஆளைத் தேட வேண்டியதில்லை, இங்கேயே தமிழ்ப் பள்ளிகளில் வேலை செய்கிற, உங்கள் கல்லூரியிலேயே படித்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.

என் தங்கச்சியின் படிவத்தைப் பொறுத்தவரை, அவள் இந்தத் திங்கட்கிழமை அலுவலகத்துக்கு வந்து அதைத் திரும்பக் கேட்பாள். தனியாகத்தான் வருவாள். தயவுசெய்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பாதீர்கள், அந்த நேரத்தில் அவர் தென்னை மரத்தில் இருப்பார்.

கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். வராந்தாவில் நின்ற நாங்கள் ஏழெட்டுப் பேரும் லீவு போடாமல் வந்துவிடுவோம்.

இப்படிக்கு,
மூன்றாவது வரிசையில் இருந்து எழுப்பப்பட்ட ஓர் அக்கா